ஈரமும் உலர்வும் சேராதிருக்க: வீட்டுக் குப்பை பற்றிய வாசகர் வினாக்கள்

சமையலறைக் கழிவைப் பற்றிக் கடந்த இதழில் எழுதிய சிறு குறிப்புக்கு மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. உள்ளூராட்சிச் சபை ஒன்றின் கூட்டெரு நிலையத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்பதால், குப்பை வீட்டை விட்டுப் போன பிறகு என்ன ஆகிறது என்பதைக் கண்ணால் கண்டே இவற்றுக்கு விடை எழுதுகிறேன். ஒரே சந்தேகத்தைக் கேட்ட கடிதங்களை ஒரு வினாவாகச் சேர்த்திருக்கிறேன்.

ஹட்டனிலிருந்து ஒரு வாசகி: உக்கும் குப்பையையும் உக்காத குப்பையையும் வெவ்வேறு பைகளில் கட்டி வைக்கிறேன் ஐயா. வாரத்துக்கு ஒரு நாள் வரும் டிராக்டரில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். பிறகு நான் எதற்காகப் பிரிக்க வேண்டும்?

உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது. பிரித்துக் கொடுத்ததைக் கண்முன்னே கலந்து கொட்டுவதைப் பார்க்கிறவருக்கு மனம் விட்டுப்போவது இயல்பே. ஆனாலும் பிரிப்பதை நிறுத்த வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்வேன். அதற்குப் பதிலாக, ஈரக் குப்பையை அந்த டிராக்டருக்குக் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள்.

நம் வீடுகளில் சேரும் குப்பையில் நிறையின்படி பாதிக்கு மேற்பட்டது மரக்கறித் தோல், மிஞ்சிய சோறு, தேயிலைச் சக்கை, வாழைப்பழத் தோல் போன்ற உக்கும் பொருள்களே. நாற்றம், புழு, ஈ, தெருநாய் ஆகிய தொல்லைகள் யாவும் இந்தப் பாதியிலிருந்து வருபவை. மற்றப் பாதியைக் கெடுப்பதும் இதுவே. பருப்புக் குழம்பு ஊறிய பத்திரிகைத் தாளை எந்தக் கொள்வனவாளரும் கையால் தொட மாட்டார். அதே போல, மரக்கறித் தோலுக்குள் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று விழுந்துவிட்டால், அந்தக் குவியலிலிருந்து வரும் பசளையை வெறுங்கையால் அள்ள எந்த விவசாயியும் துணிய மாட்டார். எங்கள் நிலையத்தில் கலந்து வந்த குப்பையைத் தொழிலாளர்கள் மேசையில் பரப்பிக் கையால் பிரிப்பார்கள். கையுறையையும் கிழித்துக்கொண்டு சவர அலகு விரலில் ஏறியதை ஒரு முறை அல்ல, பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் ஒரு நிமிட வேலையாக முடிந்திருக்க வேண்டியது, அங்கே ஒருவரின் இரத்தமாக முடிந்தது.

ஈரக் குப்பையை வீட்டிலேயே பசளையாக்கிக்கொண்டால், எஞ்சும் உலர் குப்பை இரண்டு வாரம் மூலையில் கிடந்தாலும் நாறாது. அதை டிராக்டரில் கலந்து கொட்டினாலும் உங்கள் வீட்டுக் கடதாசியும் போத்தலும் ஈரத்தில் ஊறாத நிலையிலேயே போய்ச் சேரும். பழைய சாமான் வாங்குபவர் வரும் ஊராக இருந்தால் டிராக்டருக்கே வேலை இல்லை. இதனோடு உங்கள் தெருவிலுள்ள வீட்டுக்காரர்கள் சேர்ந்து, உக்கும் குப்பைக்கு ஒரு நாளும் உக்காத குப்பைக்கு வேறொரு நாளும் ஒதுக்கும்படி சபைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வண்டி ஒன்றாகவே இருந்தாலும் நாள் இரண்டாகிவிட்டால் கலப்பு நின்றுவிடும். புது வண்டி கேட்டால் நிதி இல்லை என்பார்கள். நாள் மாற்றம் கேட்டால் அவ்வளவு எளிதில் மறுக்க முடியாது.

கலந்த குப்பை மலையாகக் குவிந்தால் நேர்வது என்ன என்பதை இந்த நாடு 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீத்தொட்டமுல்லையில் கண்டது. சரிந்த குப்பை மேட்டின் கீழ் 30க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நமக்கு இன்னும் அருகில், கண்டிக் குப்பை கொட்டப்பட்ட கொஹாகொடை மேடு மகாவலிக் கரையை ஒட்டியே எழுந்தது.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்: சபையில் வாங்கிய கூட்டெருப் பீப்பாயில் ஐந்து மாதமாகக் கழிவைப் போட்டு வருகிறேன். பசளை ஆகவில்லை, கறுத்த சேறாகி நாறுகிறது. குளிர்ப் பிரதேசத்தில் கூட்டெரு ஆகாது என்று சிலர் சொல்வது உண்மையா?

உண்மையல்ல. ஆனால் கீழ்நாட்டில் எழுதப்பட்ட துண்டுப்பிரசுரத்தை வைத்துக்கொண்டு உங்கள் ஊரில் செய்தால் ஆகாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும் ஓர் ஊரில், நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். கீழ்நாட்டில் மூன்று மாதத்தில் ஆகும் பசளைக்கு உங்களிடத்தில் நான்கு முதல் ஆறு மாதம் செல்லும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் குளிர் அன்று, காற்றின்மை. கழிவை உக்கச் செய்யும் நல்ல நுண்ணுயிர்களுக்கு நம்மைப் போலவே மூச்சுவிடக் காற்று வேண்டும். பீப்பாய் முழுவதும் மரக்கறித் தோலாகவே போட்டு, அதன்மேல் மழையும் இறங்கினால், இடைவெளிகள் யாவும் நீரால் அடைபட்டு, காற்றில்லாமல் வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும். அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் வேலை. பீப்பாயைக் கவிழ்த்து உள்ளிருப்பதை ஒரு பொலித்தீன் விரிப்பில் கொட்டி, கிழித்த அட்டைப் பெட்டி, காய்ந்த இலை, மரத்தூள் ஆகியவற்றைச் சேறு காணாமற்போகும் வரை கலந்து, மறுபடியும் நிரப்புங்கள். இரண்டு மூன்று நாளில் நாற்றம் அடங்கிவிடும்.

இனிமேல் கழிவு ஒரு கிண்ணம் போட்டால், அதன்மேல் உலர்ந்த பொருள் இரண்டு கிண்ணம் போடுவது வழக்கமாகட்டும். உலர்ந்த பொருளில் கரிச்சத்தும் சமையற் கழிவில் நைதரசனும் மிகுதி. கரி 25 அல்லது 30 பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு என்ற அளவு அமையும்போது உக்குதல் விரைவாக நடக்கும். வீட்டில் இதை யாரும் அளக்க முடியாது. கிண்ணக் கணக்கு அதற்கு ஏறத்தாழப் பொருந்தும் என்பதால்தான் சொல்கிறேன். மழைக்காலத்தில் காய்ந்த இலைக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் அடிக்கும் நாள்களில் இலைகளைக் கூட்டி, வெற்று உரச் சாக்குகளில் அடைத்து, கூரையின் கீழ் வைத்துவிட வேண்டும். நான்கு சாக்கு இருந்தால் ஒரு சிறிய குடும்பத்துக்கு மழைக்காலத்தைக் கடத்திவிடலாம். மரத்தூளைப் பொறுத்தவரை, ஒட்டுப்பலகை அறுத்த தூளோ மருந்து பூசிய பலகையின் தூளோ கூடாது. அவற்றில் பசையும் இரசாயனமும் உண்டு. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைகளை அள்ளி வரலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வேண்டாம். அவை அந்த மலையின் மண்ணுக்கே போக வேண்டியவை.

பீப்பாய் சீமெந்துத் தரையில் இருந்தால் மண்ணுக்கு மாற்றுங்கள். அடி திறந்திருந்தால் மிஞ்சிய நீர் வடிவதுடன் மண்புழுவும் உள்ளே ஏறும். வெயில் விழும் பக்கமாக வைத்து, வெளிப்புறத்தைச் சுற்றிப் பழைய சாக்கைக் கட்டினால் இரவுக் குளிர் உள்ளே இறங்குவது குறையும். உக்கும் குவியல் தானே சூடு பிறப்பிக்கும். நன்றாக அமைந்த பெரிய குவியலில் 55 பாகைக்கு மேலும் ஏறும். ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றர் அளவாவது இல்லாத குவியல் அந்தச் சூட்டைத் தக்கவைத்துக்கொள்ளாது. சிறிய பீப்பாயால் அது முடியாது. ஆகவே நோய் கண்ட உருளைக்கிழங்குச் செடியையும் வேர் வீங்கிய கோவாவையும் உங்கள் பீப்பாயில் போடாதீர்கள். அந்த வேர்வீக்க நோயின் வித்திகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும். பசளை என்ற பெயரில் நோயையே பாத்திக்குக் கொண்டு போவதாகிவிடும். இறைச்சி, மீன் முள், எண்ணெய் மிதக்கும் கறி, பால் பொருள் ஆகியவை எலியை அழைப்பவை. தேயிலைச் சக்கை மிக நல்லது. முட்டைக் கோதை நொறுக்கிப் போடலாம். விறகுச் சாம்பலைக் கைப்பிடி அளவோடு நிறுத்த வேண்டும். பையோடு போடும் தேயிலையானால் பையைக் கிழித்துச் சக்கையை மட்டும் போடுங்கள். பல பைகள் பிளாஸ்டிக் இழையால் ஒட்டப்பட்டவை.

வாரத்துக்கு ஒரு முறை ஒரு தடியால் அடிவரை குத்திக் கிளறுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் இரண்டொரு சொட்டு நீர் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்; எறும்பு கூடு கட்டினால் ஈரம் போதாது. பீப்பாய் நிரம்பியதும் புதிதாக எதையும் சேர்க்காமல் விட வேண்டும் என்பதால், இயலுமானால் இரண்டாவது பீப்பாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பீப்பாயில் மேலே புதிதும் கீழே பழையதுமாகப் போட்டுக்கொண்டிருப்பதே பலருக்குப் பசளை கைக்கு வராததற்குக் காரணம். ஆகிவிட்ட பசளை கறுப்பாக, உதிரியாக, முதல் மழையில் நனைந்த மண்ணின் வாசனையோடு இருக்கும்.

தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து: எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, குப்பை வண்டி வருவதில்லை. பொலித்தீனை அடுப்பில் போட்டு எரிக்கிறோம். மற்றதைக் கானில் போடுகிறோம். எங்களுக்கு வேறு வழி உண்டா?

வழக்கமாகிவிட்ட தவறை மறைக்காமல் எழுதிய உங்களுக்கு நன்றி. முதலில் உங்கள் உரிமையைச் சொல்கிறேன். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, பெருந்தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நெடுங்காலம் காட்டப்பட்டு வந்தது. அப்பிரிவு 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே தோட்டத்துக்குள் நாங்கள் வர இயலாது என்ற பழைய பதிலை இனி நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. லயத்துக்குள் வண்டி ஏறும் பாதை இல்லையென்றால், பிரதான வீதியோரம் மாதத்துக்கு ஒரு முறை உலர் குப்பையை ஏற்றிச் செல்லும்படி, தோட்ட நிர்வாகத்தின் கடிதத்தோடு சேர்த்து உங்கள் சபைக்கு விண்ணப்பியுங்கள்.

அடுப்பில் பொலித்தீன் எரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். குறைந்த சூட்டில், காற்றுப் போதாமல் எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து நச்சுப் புகை வருகிறது. குழாயிலும் வயர் உறையிலும் உள்ள பிவிசி வகை எரியும்போது டையொக்சின் எனப்படும், உடலில் தங்கிச் சேரும் நஞ்சும் பிறக்கிறது. புகைபோக்கி இல்லாத லயக் குசினியில் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் அடுப்பருகே நிற்கும் தாயும் அவர் காலடியில் இருக்கும் குழந்தையும். அந்தச் சாம்பலைக் கீரைப் பாத்தியில் போடுவதும் கூடாது. பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பது 2017 முதல் சட்டப்படியும் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

கானைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மலைச் சரிவிலே வெட்டப்பட்ட கான், மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் வெளியேறிப் போவதற்காக உள்ளது. அது பொலித்தீனால் அடைபட்டால் நீர் கரை தாண்டி, லயத்தின் பின்புற மண்ணுக்குள் இறங்கும். 2014 ஒக்டோபர் 29 இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் ஏற்பட்ட மண்சரிவு குப்பையால் நேர்ந்ததன்று. ஆனால் நீர் ஊறிய சரிவு லயங்களை எப்படி மூடும் என்பதை அன்று கண்ட நாம், நம் கையாலேயே ஒரு கானை அடைக்கலாமா? அடைபடாமல் ஓடினாலும் அந்தக் குப்பை மறைந்துபோவதில்லை. உங்கள் பக்கத்து நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலிக்குப் போகிறது. மஸ்கெலிய ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி, கொழும்பு மக்களின் குடிநீராகிறது.

செய்யக்கூடியது இது. ஈரக் குப்பைக்கு லயத்துக்கு ஒரு மூங்கில் கூண்டு கட்டுங்கள். ஒரு மீற்றர் நீள அகலம் போதும். பலரும் குழி வெட்டச் சொல்வார்கள். சமதரையில் அது சரி. செங்குத்தான சரிவில் குழி மழைநீரைத் தேக்கும் என்பதால் தரைக்கு மேலே கட்டிய கூண்டையே நான் விரும்புகிறேன். பீலிக்கும் ஊற்றுக்கும் மேற்பக்கத்தில் மட்டும் அமைக்காதீர்கள். கூண்டுக்கு ஒரு தகரக் கூரை வேண்டும். உலர் குப்பைக்கு உரச் சாக்குகளைக் கூரையின் கீழ் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றில் கடதாசி, ஒன்றில் போத்தல், ஒன்றில் தகரமும் இரும்பும், ஒன்றில் பிளாஸ்டிக் என்று பழக்குங்கள். ஒரு வீட்டின் பத்துப் போத்தலுக்காகப் பழைய சாமான் வாங்குபவர் மலையேற மாட்டார். ஒரு லயத்தின் ஐந்து சாக்குகளுக்கு ஏறுவார்.

பொகவந்தலாவையிலிருந்து: குப்பை கொட்டும் இடத்தைச் சுற்றி நாயும் காட்டுப்பன்றியும் வருகின்றன. சிறுத்தை நடமாட்டமும் கூடிவிட்டது. இவற்றுக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. மிஞ்சிய சோறும் எலும்பும் நாயையும் பன்றியையும் இழுக்கின்றன; நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டி இறப்பது நம் தோட்டங்களில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. இறைச்சிக் கழிவைத் திறந்த வெளியில் எறியாமல், இரண்டடி ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கனமான கல்லை வையுங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி: பால்மா பக்கெட், பிஸ்கட் உறை, யோகட் கிண்ணம் ஆகியவற்றை எந்தப் பெட்டியில் போடுவது? நிறங்களும் குழப்புகின்றன.

நிறங்களிலிருந்து தொடங்குவோம். நம் நாட்டில் உணவு போன்ற உக்கும் பொருளுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம் என்பது வழக்கம். வீட்டில் ஐந்து நிறப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. சாக்கின் வாயில் அந்தந்த நிறத் துணியைக் கட்டினாலும் போதும்.

பால்மா பக்கெட்டும் பிஸ்கட் உறையும் நூடில்ஸ் உறையும் பார்வைக்கு ஒரே தாளாகத் தெரிந்தாலும், பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் அடுக்கடுக்காக ஒட்டியவை. அவற்றைப் பிரித்தெடுப்பது செலவு மிக்கது என்பதால் வாங்குவோர் இல்லை. மனம் ஒப்பாவிட்டாலும், கழுவிக் காயவைத்து, எஞ்சிய குப்பையோடு கொடுப்பதே இப்போதைக்கு நேர்மையான விடை. போத்தலின் அடியிலுள்ள முக்கோணத்துக்குள் எண்ணைப் பாருங்கள். 1 என்றால் குடிநீர்ப் போத்தல் வகை. அது நம் நாட்டிலேயே நூலிழையாகவும் தூரிகை இழையாகவும் மாற்றப்படுகிறது. 2 என்பது ஷாம்பு, சலவைத் திரவப் போத்தல்கள். 5 என்பது பல மூடிகளும் உணவுப் பெட்டிகளும். இம்மூன்றுக்கும் வாங்குவோர் கிடைப்பர். யோகட் கிண்ணத்தில் 6 இருந்தால் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். நாற்று வளர்க்க அது நன்றாக உதவும். எதுவானாலும் ஒரு முறை அலசி, தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். பாத்திரம் கழுவி மிஞ்சிய நீரே இதற்குப் போதும்.

கடைப் பற்றுச்சீட்டு கடதாசிபோல் இருந்தாலும் இரசாயனப் பூச்சுள்ளது. நீலத்தில் போட வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடியும் போத்தல் கண்ணாடியோடு உருகாதவை. அவற்றைத் தனியாகத் தடித்த அட்டையில் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். சிரட்டையை விறகாக்குங்கள்.

வெலிமடையிலிருந்து ஒரு விவசாயி: மருந்தடித்த போத்தல்களை வரப்பிலே போட்டுவிடுகிறோம். சிலர் கழுவி மண்ணெண்ணெய்க்கு வைத்துக்கொள்கிறார்கள். சரியா?

இரண்டும் சரியன்று ஐயா. போத்தல் வெறுமையான அந்த நேரத்திலேயே, காய்வதற்கு முன், கால் பங்கு நீர் விட்டு மூடிக் குலுக்கி, அந்த நீரை விசிறும் தாங்கிக்குள்ளேயே ஊற்ற வேண்டும். இப்படி மூன்று முறை. நீங்கள் விலை கொடுத்து வாங்கிய மருந்தின் கடைசித் துளியும் பயிருக்குப் போகும். வாய்க்காலில் கழுவினால் அது உமா ஓயாவுக்குப் போகும். பிறகு அடியில் துளையிட்டு, வீட்டுப் பிளாஸ்டிக்கோடு சேர்க்காமல், பூட்டிய இடத்தில் தனிச் சாக்கில் வையுங்கள். வாங்கிய கடையிலும் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடமும் திரும்பப் பெறும் ஏற்பாட்டைக் கேளுங்கள். எத்தனை முறை கழுவினாலும் அதில் குடிநீரோ மண்ணெண்ணெயோ வைக்கக் கூடாது. தாகத்தில் எடுக்கும் பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது. பெட் (குடிநீர்ப் போத்தல் வகை), பிவிசி ஆகிய பிளாஸ்டிக்குகளில் விவசாய இரசாயனங்களை அடைப்பது 2021 மார்ச் 31 முதல் தடைசெய்யப்பட்டது என்பதையும் வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

பதுளையிலிருந்து ஒரு வாசகி: குழந்தையின் டயபர், மாதவிடாய் அணையாடை, நீரிழிவு ஊசி, உடைந்த மின்குமிழ் ஆகியவற்றை என்ன செய்வது?

முதல் இரண்டும் பசளைக்கும் ஆகாது, கழிவறைக் குழிக்கும் ஆகாது. மலத்தைக் கழிவறையில் தட்டிவிட்டு, பழைய பத்திரிகையில் இறுகச் சுற்றி, எஞ்சிய குப்பையில் தனிப் பொதியாகக் கொடுங்கள். மேலே என்னவென்று எழுதிவிட்டால் பிரிப்பவர் அவிழ்க்க மாட்டார். ஊசியை மறுபடி மூடியிட முயலாமல் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, நிரம்பியதும் இறுக மூடி, மருந்து பெறும் வைத்தியசாலையில் கேட்டு ஒப்படையுங்கள். சுருள் வடிவ மின்குமிழில் சிறிதளவு பாதரசம் உண்டு. அது உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு விளக்குமாறால் பெருக்காமல் தடித்த அட்டையால் வழித்து, நனைத்த கடதாசியால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள போத்தலில் அடையுங்கள். பழைய மின்கலங்களை வேறொரு போத்தலில் சேர்த்து வைத்து, இலத்திரனியல் கழிவு சேகரிக்கும் நாளில் கொடுங்கள். அதுவரை அந்தப் போத்தல் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், அடுப்புச் சூடு படாத இடத்தில் இருக்கட்டும்.